வாசகர் கேள்வி – பதில்: பறங்கியர் ஆட்சியில் சமயமும் சட்டமும்

சென்ற இதழில் திருகோணமலைக் கோட்டை பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர், போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் ஆசியாவில் எந்த உரிமையின் பேரில் மக்களின் வழிபாட்டிலும் திருமணத்திலும் சொத்திலும் கைவைத்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் ஏழினைத் தெரிந்து இங்கே விடை தருகிறோம்.

கோணேசர் கோயிலை இடித்தது ஒரு தளபதியின் தனிப்பட்ட வெறிச்செயலா? அக்காலத்தில் சட்டம் என்ற ஒன்றே இருக்கவில்லை என்கிறார்களே, அது சரியா?
— வாசகர் ஒருவர், உப்புவெளி

இரண்டும் சரியல்ல. சட்டம் இல்லாததால் அக்கோயில் இடிக்கப்படவில்லை. இடிப்பதை நியாயப்படுத்தும் சட்டம் ஒன்று அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டிருந்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் வருந்துவதும் அதைக் குறித்தே. ஒரு மனிதனின் வெறி அவனோடு போய்விடும். ஏட்டில் எழுதி, சபையில் வாசித்து, அரசனின் ஒப்பம் பெற்ற விதியோ ஊர் ஊராகப் பயணம் செய்யும்.

அந்த விதி வளர்ந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கலஸ் வெளியிட்ட ஆணை, ஆப்பிரிக்கக் கரையிலும் அதற்கு அப்பாலும் நாடு பிடிக்கவும் வாணிபம் செய்யவும் தேவாலயங்கள் அமைக்கவும் போர்த்துக்கல் அரசருக்கு உரிமை வழங்கியது. 1494-இல் தோர்தேசிலாஸ் உடன்படிக்கை மூலம் போர்த்துக்கலும் ஸ்பெயினும் கடல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. திருத்தந்தை அளித்த இவ்வுரிமைக்குக் கைம்மாறாக, ஆயர்களை முன்மொழிவதும் குருமாருக்குப் படியளப்பதும் தேவாலயம் கட்டுவதும் அரசரின் கடமைகளாயின. பதுறுவாதோ என்று வழங்கப்பட்ட இந்த ஏற்பாட்டினால், கடல் கடந்து வந்த ஒவ்வொரு கப்பித்தானும் படைத்தலைவனாக இருந்ததோடு சமயக் கடமை உடைய அதிகாரியாகவும் ஆனான்.

ஆயினும் கோயில் இடிப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிடவில்லை. 1510-இல் கோவாவைப் பிடித்த அல்புகேர்க்கே, உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்ததைத் தவிர, இந்துக்களின் வழிபாட்டிலும் ஊர் வழக்கத்திலும் பெரிதும் தலையிடவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னர் நிலைமை மாறியது. 1540 அளவில் கோவாத் தீவின் கோயில்கள் இடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே கோயில் நிலங்களின் வருமானம் கிறிஸ்தவப் பணிகளுக்கு மாற்றப்பட்டது. 1546-இல் மூன்றாம் யோவான் அரசர், விக்கிரகங்களை அகற்றவும் பொது விழாக்களைத் தடுக்கவும் எழுத்தில் பணித்தார். 1567-இல் கூடிய கோவாவின் முதலாவது மாகாணச் சங்கம் என்ற திருச்சபை அவை, அரசரின் ஆட்சி நிலத்தில் கோயில்கள் நிற்கலாகாது என்று வலியுறுத்தியது.

“அரசரின் ஆட்சி நிலத்தில்” என்பதே இதில் கவனிக்க வேண்டியது. கொச்சி அரசர் போர்த்துக்கேயரின் நண்பராக இருந்தமையால் அவருடைய நாட்டுக் கோயில்கள் அப்படியே நின்றன. ஒரு நிலம் நண்பரின் நிலமாக இருக்கும்வரை கோயிலுக்குப் பாதுகாப்பு இருந்தது. அது தமது அரசருக்கு உரியதென்று எப்போது கொள்ளப்பட்டதோ அப்போதே அந்தப் பாதுகாப்பு நீங்கியது. இலங்கையில் அந்த உரிமையையும் அவர்கள் எழுத்திலேயே பெற்றிருந்தார்கள். கோட்டை என்ற இராச்சியத்தின் அரசன் தர்மபாலன் தன் நாட்டைப் போர்த்துக்கல் அரசருக்கு வழங்கி 1580-இல் எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதி, 1597-இல் அவன் இறந்தபோது நடைமுறைக்கு வந்தது. 1619-இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவன் காலத்தில் இடிக்கப்பட்டது.

திருகோணமலையில் இதனுடன் படைத்துறைக் காரணமும் சேர்ந்துகொண்டது. 1620-இல் டென்மார்க் நாட்டுக் கப்பல்கள் இங்கு வந்து கோட்டை கட்ட முயன்றதைக் கண்டு போர்த்துக்கேயர் அஞ்சினர். கண்டி அரசன் செனரத் வேறொரு ஐரோப்பியரோடு கைகோத்துவிடுவான் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. துறைமுகத்தைக் காக்க ஏற்ற இடம் சுவாமி மலை. அங்கே நின்றதோ கோயில். தேவையும் விதியும் ஒரே பாறையைச் சுட்டியபோது போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா தயங்கவில்லை. இடிப்பு நிகழ்ந்தது 1622-இல் என்பது நம்மிடையே வழங்கிவரும் மரபு. 1624-இல் கோட்டை எழுந்தது. கோயிற் கற்கள் கோட்டைச் சுவரில் ஏறின. இரட்டைக் கயல் பொறித்த கல் இன்றும் கோட்டை வாயிலில் இருக்கிறது. அவ்வழியே செல்லும் எவரும் அதைக் காணலாம். இயேசு சபைக் குருவான கெய்றோஸ், இலங்கை பற்றித் தாம் எழுதி 1687-இல் முடித்த பெருநூலில் இக்கோயிலை உரோமாபுரிக்கு ஒப்பிட்டு எழுதினார். அதன் பெருமையை அறியாமல் அவர்கள் அதை இடிக்கவில்லை என்பதற்கு அவ்வொப்பீடு சான்று.

எங்கள் குடும்பம் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம். முன்னோர்கள் வாளுக்கு அஞ்சித்தான் மதம் மாறினார்கள் என்று பிறர் சொல்லும்போது மனம் நோகிறது. திருச்சபைச் சட்டம் பலவந்தத்தை அனுமதித்ததா?
— வாசகி ஒருவர், பாலையூற்று

அம்மா, எழுதப்பட்ட சட்டம் அனுமதிக்கவில்லை. 1567-ஆம் ஆண்டுச் சங்கமே, எவரையும் பலவந்தமாகவோ அச்சுறுத்தியோ திருமுழுக்குக்குக் கொண்டுவரக் கூடாதென்று தெளிவாக விதித்தது. அதே சங்கம்தான் கோயில்களை இடிக்கச் சொன்னது என்பதை மேலே கண்டோம். மனத்தை வற்புறுத்தாதே, ஆனால் அந்த மனம் நாடிச் செல்லும் இடத்தை இல்லாமல் செய் என்பதே அந்தச் சட்டத்தின் போக்கு. இரண்டையும் அவர்களே ஒரே மேசையில் எழுதினார்கள். தாம் முரண்படுகிறோம் என்று அவர்கள் எண்ணவும் இல்லை.

வாளைவிடச் சொத்துச் சட்டமே வலுவாக வேலை செய்தது. 1559-இல் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த ஆணைகளில் ஒன்று, தாய், தந்தை, பாட்டன், பாட்டி எவரும் இல்லாத இந்துச் சிறுவர்களைப் புனித பவுல் கல்லூரியில் சேர்த்துக் கிறிஸ்தவர்களாக வளர்க்கச் சொன்னது. நாளடைவில், தாய் உயிரோடிருந்தாலும் தந்தை இறந்துவிட்டால் போதும், பிள்ளை அநாதை எனக் கொள்ளப்பட்டது. கணவனை இழந்த ஒரு தாய், பிள்ளையை இரவோடிரவாக ஆற்றுக்கு அப்பால் உறவினரிடம் அனுப்ப வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. மதம் மாறிய மனைவிக்கும் பெண்மக்களுக்கும் ஊர் வழக்கம் மறுத்த சொத்துப் பங்கு கிடைக்கவும் அதே ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. புதிய கிறிஸ்தவர்களின் நலன் காக்க “கிறிஸ்தவர்களின் தந்தை” என்ற பதவியும் இருந்தது; பெரும்பாலும் இயேசு சபைக் குருமாரே அதை வகித்தனர்.

ஆனால் இவை கோவாவின் சட்டங்கள். தங்கள் முன்னோர் எக்கரையிலிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்துக் கதை வேறாகும். முத்துக்குளித்துறையில் பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றது, கடலிலும் கரையிலும் தமக்கு நேர்ந்த பகைமைக்கு எதிராகப் போர்த்துக்கேயரின் துணையை வேண்டித் தம் தலைவர்கள் மூலம் செய்துகொண்ட உடன்பாட்டினால். மன்னாரில் 1544-இல் புதிதாக மதம் மாறியவர்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். அங்கே வாள் மறுபக்கத்திலிருந்து வந்தது. எனவே “வாளுக்கு அஞ்சி மாறியவர்கள்” என்று ஒரு சமூகம் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்குபவர் வரலாறு அறியாமல் பேசுகிறார். தாங்கள் நோக வேண்டியதில்லை.

புதிதாகக் கிறிஸ்தவரான தமிழருக்குப் புதிய ஒழுக்க விதிகள் எப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டன? இலத்தீனிலா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உவர்மலை

இல்லை ஐயா, தமிழிலேயே. நம் மொழியின் அச்சு வரலாறே இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. 1554-இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சாயின. 1578-இல் அண்டிறிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 1580-இல் கொச்சியில் அச்சான அவரது பாவசங்கீர்த்தன நூல்தான் தங்கள் கேள்விக்கு நேரான விடை. ஒருவர் குருவிடம் செல்லுமுன் தன் நடத்தையைத் தானே சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதை அது தமிழில் கற்பித்தது. நீதிமன்றமும் காவலரும் நுழைய முடியாத இடத்தில், ஒருவருடைய மனத்துக்குள், சட்டத்தைக் கொண்டு செல்ல எழுந்த நூல் அது.

மனத்தோடு அவர்கள் நிற்கவும் இல்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்கும் காவலாளுக்கு ஒரு பணம் என்ற நாணயம் கொடுக்கும்படியும் அப்பெண்ணை மூன்று நாள் காவலில் வைக்கும்படியும் பணித்திருக்கிறார். ஊர்ப் பட்டங்கட்டிமாரைக் கொண்டே இவ்வொழுங்கை நடத்தினார்கள். ஆக, உரோமாபுரியில் எழுதிய விதி ஊர்த் தலைவனின் வாயால்தான் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் விதியாயிற்று. அத்தலைவன் இசையாத இடத்தில் அது ஏட்டோடு நின்றது.

திருமணத்தில் இது இன்னும் சிக்கலாயிற்று. திருச்சபையின் பொது அவையான திரெந்துச் சங்கம் 1563-இல், பங்குக்குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் நடைபெறாத திருமணம் செல்லாது என்று விதித்தது. பல மனைவியரை உடையவர் மதம் மாறினால் எவளை வைத்துக்கொள்வது? அடிமையாகப் பிடிபட்டுக் கடல் கடந்து விற்கப்பட்டவனின் மனைவி ஊரில் உயிரோடிருந்தால், அவன் மீண்டும் மணக்கலாமா? இந்த இரண்டாவது கேள்விக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1585-இல் ஆணை மூலம் விடையளித்தார்: முந்திய துணையைத் தேடி இசைவு கேட்க வழியில்லாத நிலையில், திருமுழுக்குப் பெற்ற அடிமை மறுமணம் செய்யலாம். ஒரு குடும்பத்தைப் பிரித்த அடிமை வாணிபத்தைச் சட்டம் தடுக்கவில்லை. பிரிந்தவரின் மறுமணத்தை மட்டும் ஒழுங்குபடுத்தியது. இதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

கோவாவின் சமய விசாரணை மன்றத்தின் கை இலங்கை வரை நீண்டதா?
— சட்ட மாணவர் ஒருவர், திருகோணமலை நகர்

அதன் அதிகாரம் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் மக்காவு வரை பரந்திருந்தது. இலங்கையும் அதற்குள் அடங்கும். 1560-இல் நிறுவப்பட்டு, இடையில் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டு, 1812-இல் ஒழிக்கப்பட்டது. திருமுழுக்குப் பெற்றவரே அதன் இலக்கு. பெறாதவர் பிறருடைய மதமாற்றத்தைத் தடுத்தாலோ மாறியவரைப் பழைய வழிபாட்டுக்கு அழைத்தாலோ அவர்மேலும் அது கைவைத்தது.

அதன் கண்ணுக்கு எது குற்றமாகப் பட்டது என்பதற்கு 1736-இல் அது வெளியிட்ட கட்டளையைப் பாருங்கள். கல்யாண வீடுகளுக்கு வெற்றிலை பாக்கும் பூவும் அனுப்புவது, வீட்டு முற்றத்தில் துளசி வளர்ப்பது, இந்துக்களைப் போல உப்பில்லாமல் சோறு சமைப்பது ஆகியவையெல்லாம் கோவாக் கிறிஸ்தவருக்குத் தடைசெய்யப்பட்டன. அடுப்படியில் உப்புப் போட்டார்களா இல்லையா என்று கேட்டது ஒரு நீதிமன்றம்! கோவாவில் முதல் திருமுழுக்குகள் நடந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகியும் இத்தகைய தடை தேவைப்பட்டதென்றால், அந்தப் பழக்கங்களை அம்மக்கள் விடவில்லை என்பதே பொருள்.

இதே பழக்கங்கள் மதுரையில் வேறு தீர்ப்புப் பெற்றன. பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்று 1606 முதல் அங்கு பணியாற்றிய இயேசு சபைக் குரு றொபேர்த்தோ தெ நொபிலி வாதாடினார். கோவாவில் 1619-இல் கூடிய சபை அவருக்கு எதிராக நின்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியோ 1623-இல் நிபந்தனைகளுடன் அவற்றை அனுமதித்தார். எது மதம், எது வழக்கம் என்ற எல்லைக்கோட்டை எங்கே கீறுவது என்பதில் ஒரே திருச்சபையின் இரு அவைகள் நேர் எதிரான முடிவுக்கு வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த அனுமதி மீண்டும் குறுக்கப்பட்டது.

அக்காலத்தில் இலங்கை முஸ்லிம்களுக்கு என்ன சட்டம்? பாடநூலில் ஒரு வரிதான் இருக்கிறது.
— வாசகர் ஒருவர், மூதூர்

அவர்களுக்கு வெளியேற்றமே சட்டமாயிற்று. வாணிபப் போட்டியும் ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியாவில் முஸ்லிம்களோடு இருந்த பழைய பகையும் சேர்ந்து, போர்த்துக்கேயர் வசமிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அகற்றும்படி அரச ஆணை வந்தது. 1626-இல் கொன்ஸ்தந்தீனு தெ சா அதை நிறைவேற்றினார். வெளியேறியவர்களைச் செனரத் அரசன் தன் நாட்டில் ஏற்றுக்கொண்டு, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயரின் வரலாறே கூறுகிறது. கோணேசர் கோயிலை இழந்தவர்களும் வீடுகளை இழந்த முஸ்லிம்களும் ஒரே தளபதியின் ஆட்சியில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் துயருற்றார்கள் என்பதை நம் மாவட்டத்தில் இரு தரப்பினரும் சேர்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிலிப்பைன்சில் ஸ்பானியர் இதே சட்டங்களைத்தான் பயன்படுத்தினார்களா? உயர்தர வகுப்பில் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறோம்.
— மாணவி ஒருவர், நிலாவெளி

மகளே, திருகோணமலைக் கோட்டை கட்டப்பட்டபோது லிஸ்பனுக்கும் மணிலாவுக்கும் ஒரே அரசர்தான். 1580 முதல் 1640 வரை இரு முடிகளையும் ஸ்பானிய அரசரே சூடியிருந்தார். ஆயினும் 1581-இல் தோமார் நகரில் அவர் அளித்த உறுதியின்படி போர்த்துக்கல்லின் சட்டமும் அதிகாரிகளும் தனியாகவே இருந்தன. எனவே ஒன்றாகப் படிப்பதில் பாதி நியாயம் உண்டு. விடைத்தாளில் வேறுபாட்டையும் எழுதுங்கள்.

வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மணிலாவின் முதல் ஆயர் தொமிங்கோ தெ சலசார் 1582 அளவில் ஒரு குருமார் மன்றத்தைக் கூட்டி, இத்தீவுகளை ஆள அரசருக்கு என்ன உரிமை என்றே வெளிப்படையாக வினவினார். மக்களுக்குச் சமயம் போதிக்காமல் வரி வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றும், அப்படிச் செய்யாதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்றும் அங்கே பேசப்பட்டது. அமெரிக்காவில் ஸ்பானியர் செய்த கொடுமைகளைக் கண்டித்த குருமாரின் விவாதங்களே இதற்கு வித்து. 1591-இல் திருத்தந்தை பதினான்காம் கிரகோரி பிலிப்பைன்ஸ் மக்களில் அடிமையானவரை விடுவிக்கப் பணித்தார். நடைமுறையில் அடிமை முறை உடனே ஒழியவில்லை. ஆயினும் தம் ஆட்சியின் நியாயத்தைத் தாமே கேள்விக்குள்ளாக்கிய அந்தக் குரலை நான் மதிக்கிறேன். 1589-இல் பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி, ஆளுநரின் வேண்டுகோளின்படி தகலோக் மக்களின் வழக்கங்களை எழுதிக் கொடுத்தார். உள்ளூர் வழக்குகளைத் தீர்க்க அது பயன்பட்டது.

என் தாய்வழிக் காணி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தேசவழமை முழுக்க முழுக்கப் பழந்தமிழ் வழக்கம் என்கிறார் என் மாமா. அதில் போர்த்துக்கேயரின் கை பட்டிருக்கிறதா?
— வாசகி ஒருவர், தம்பலகாமம்

பட்டிருக்கிறது, அதை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத் தொகுப்பான தேசவழமையே சொல்கிறது.

கோயிலில் காட்டிய கடுமையைப் போர்த்துக்கேயர் வயலில் காட்டவில்லை. கோவாவில் 1526-இலேயே அபோன்சோ மெசியா என்ற அதிகாரி ஊர்ச் சபைகளின் வழக்கங்களையும் வரிமுறையையும் எழுதித் தொகுத்து உறுதிப்படுத்தினார். இலங்கையில் அவர்கள் தோம்புகளை எழுதினார்கள்: எந்த ஊரில் எவருக்கு எவ்வளவு நிலம், அதற்கு எவ்வளவு இறை என்ற விபரம் அவற்றில் பதியப்பட்டது. பழைய வழக்கத்தைக் குலைத்தால் இறை வராது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே தெய்வத்தின் வீட்டை இடித்த அதே ஆட்சி, குடியானவனின் வரப்பை எழுதிப் பாதுகாத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆட்சியின் முகம் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் வழக்கங்களை நூலாக்கியவர்கள் ஒல்லாந்தர். கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் ஆளுநராக இருந்தபோது கிளாஸ் ஐசாக்சு என்ற அதிகாரி தொகுத்து, முதலிமார் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர் பன்னிருவர் பார்வையிட்டு ஏற்றுக்கொண்ட அந்நூல் 1707-இல் நிறைவெய்தியது. முற்காலத்தில் தகப்பன்வழி வந்த முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்று அதன் தொடக்கப் பகுதி கூறுகிறது. பின்னர் ஆட்சி மாற்றங்களால், குறிப்பாக போர்த்துக்கல் அரசரின் ஆணைப்படி தொன் பிலிப் மஸ்கரேஞ்ஞசு ஆண்ட காலத்தில், இவ்வழக்கம் படிப்படியாக மாறியதென்று வயது முதிர்ந்த முதலிமார் சாட்சியம் சொன்னதாகவும் அது பதிந்திருக்கிறது. மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது அது கணவனின் முதுசத்திலிருந்தா, மனைவியின் சீதனத்திலிருந்தா, இருவரும் சேர்த்த தேடியதேட்டத்திலிருந்தா என்று பிரித்துப் பாராமல் கொடுக்கும் முறை அதன்பின் வந்தது. இன்று நம் தாய்மாரின் சீதன உறுதிகளில் நாம் இயல்பாகக் காணும் ஏற்பாடு அது.

ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு அளித்தார்கள். 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மண உரிமை, வழியுரிமைப் பகுதிகளைத் திருத்தியது. தங்கள் காணிக்கு நடைமுறையில் இதனால் வரும் பயன் இதுதான்: வட மாகாணத்தில் நிலையான வதிவிடம் கொண்ட தமிழருக்கே தேசவழமை ஆளுக்குரிய சட்டமாகப் பொருந்தும், ஆனால் முன்னுரிமைக் கொள்வனவு, அதாவது விற்கும் காணியைப் பங்காளிகள் முதலில் வாங்கும் உரிமை, பற்றிய அதன் விதிகள், உரிமையாளர் எங்கிருந்தாலும், அங்குள்ள காணியைத் தொடர்கின்றன. எனவே பங்காளிகளுக்கு அறிவிக்காமல் விற்க முற்படாதீர்கள். தாயாரின் சீதன உறுதியையும் அவருடைய திருமணப் பதிவையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவரை முதலில் பாருங்கள். 1911-க்கு முன் நடந்த திருமணம் ஏதேனும் உறுதி வரிசையில் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அதற்குப் பழைய விதிகளே பொருந்தக்கூடும்.